கிசோ ஆற்றங்கரையில் விழாத விண்கல்

பாறைப் பொடி அறைக்குள் நுழைவதற்கு முன் மிசுஹோ தன் பத்து விரல்களையும் விரித்து, கதவுக்கு மேலே எரியும் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. பதினோரு வருடமாக இது ஒரு நாளும் தவறியதில்லை. விரலில் ஒன்றும் இருக்காது. இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். மோதிரம் வீட்டுச் சமையலறை அலமாரியில், விளிம்பு உடைந்த தேநீர்க் கிண்ணம் ஒன்றில் கிடக்கிறது. ஆனாலும் பார்ப்பாள்.

தான் பார்த்த கையோடு அடுத்தவர் பக்கம் திரும்புவாள்.

"ம், கை."

மாணவர்கள் வரிசையாகக் கை நீட்டுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சுங்கச் சோதனை. கடிகாரம், தோடு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் வாசலில் உள்ள பிளாஸ்டிக் கூடையில் கழற்றி வைக்கப்பட வேண்டும். டோக்கியோவிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஒருவர், தன் மோதிரம் முப்பது வருடமாக விரலை விட்டு இறங்கியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். மிசுஹோ அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கண்ணாடிச் சன்னல் வழியாக அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதிதாக வருகிற மாணவிகள் காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"என் கல்யாணத்த இந்த ஆய்வுக்கூடம் ஒரு தடவ அளந்து பார்த்திருக்கு. உங்க கல்யாணத்தையும் அளக்கணுமா?"

மற்றவர்கள் சொல்வதற்குள் தானே சொல்லிச் சிரித்துவிட வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்த வழி. வாழ்க்கையில் அவள் கண்டுபிடித்தவற்றில் இன்றுவரை தவறென்று ஆகாதது அது ஒன்றுதான்.

மிசுஹோ பிறந்தது செகி ஊரில். அப்பா மொரியோ கத்தி தீட்டுகிறவர். நாற்பது வருடமாக ஒரே சாணைச் சக்கரத்தின் முன் ஒரே முக்காலியில் உட்கார்ந்தவர். அம்மா கத்தரிக்கோல் கம்பெனியில் பெட்டி மடிப்பவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் படியை யாரும் மிதித்ததில்லை. நுழைவு விழா நாளன்று அம்மா எதை உடுத்துவது என்று தெரியாமல், சாவு வீட்டுக்குப் போகிற கருப்பு உடையில் வெள்ளைப் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தாள். மிசுஹோவுக்கு அன்று கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டதற்காக அடுத்த நான்கு வருடம் கூச்சப்பட்டாள்.

வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டும்போது அவளும் ஆட்டினாள். யாரோ தவறுதலாகத் தன்னை உள்ளே விட்டுவிட்டார்கள், பட்டியலைச் சரிபார்க்கிற ஆள் ஒருநாள் வந்து தோளில் தட்டுவான் என்று ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. அதனால் யாரும் எளிதில் தேடி வராத ஓர் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பாறை படித்தாள்.

பேராசிரியர் ஒகிசோ மாணவர்களைக் கிசோ ஆற்றங்கரைக்கு அழைத்துப் போன நாளில் அவளுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கரையோரம் சிவப்பும் சாம்பலுமாக வரிவரியாக நிற்கும் அந்தப் பாறையைச் சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். கோடையில் குடும்பத்தோடு வந்து, குச்சியில் குத்திச் சுட்ட ஆயு மீனைத் தின்றுவிட்டு, அந்த வரிகளின் மேல்தான் முள்ளைத் துப்புவார்கள். அது இருபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழ்கடலின் தரை என்று ஒகிசோ சொன்னார். செர்ட் என்று பெயர்; சிக்கிமுக்கிக் கல்லின் உறவு. கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் கண்ணாடி ஓடுகள் மேலிருந்து சொரிந்து சொரிந்து படிந்து இறுகியது. எந்த ஆற்று மண்ணும் எட்டாத நடுக்கடல் என்பதால் இரண்டு விரல் கனம் சேரவே இருபதாயிரம் வருடம் பிடித்ததாம். அந்த அமைதியில் வானத்திலிருந்து விழுந்த தூசும் கலைக்கப்படாமல் அப்படியே தங்கிவிடும்.

தங்கியும் இருந்தது. பாறையில் ஓரிடத்தில் விரல் கனமுள்ள களிமண் அடுக்கு ஒன்று உண்டு. உலகின் மறுபக்கத்தில் எங்கோ பெரிய விண்கல் ஒன்று மோதியபோது எழுந்த தூசு அதில் இருக்கிறது. பூமியின் மேற்பரப்பில் இரிடியம் என்ற உலோகம் இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் உண்டு, விண்கற்களில் தாராளம். அந்த அடுக்கில் இரிடியம் எகிறி நின்றது. ஆற்றங்கரை ஊருக்கு அதில் பெருமை. ரயில் நிலையத்துக்கு எதிரே மிட்டாய்க் கடை வைத்திருக்கும் கயாக்கோ, கருப்பு எள்ளும் பயற்றுப் பூரணமும் வைத்த உருண்டைப் பலகாரத்துக்கு 'விண்கல் மன்ஜூ' என்று பெயரிட்டு விற்றாள். நன்றாகவே விற்றது.

அந்தக் களிமண்ணில் மிசுஹோவுக்கு இடம் கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே மூத்தவர்களுக்குப் பங்கு பிரிந்துவிட்டது. அதற்குச் சில மீட்டர் மேலே, ஒன்றும் இருக்க வாய்ப்பில்லாத அறுபது அடுக்குகளை ஒகிசோ அவளுக்குக் கொடுத்தார். அங்கே ஒன்றும் இல்லை என்று யாராவது அளந்து காட்டியாக வேண்டும். ஒன்றும் இல்லாததைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது; பெரிதாக ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றாள். பொருத்தம் சரியாக இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தாள். துளியிலும் துளி உலோகத்தை அளக்கிற காரியம் என்பதால் பொடி அறையிலிருந்து இரும்பை அடியோடு விரட்டினாள். சுத்தியலுக்குப் பிளாஸ்டிக் உறை. அரைப்பதற்கு அகேட் கல்லால் ஆன கல்வம். பை கிழிக்கப் பீங்கான் கத்தி. அந்தக் கத்தி விஷயம் வீட்டில் பெரிய சண்டையானது.

"கத்திக்காரன் பொண்ணு பீங்கான் கத்தி வாங்குறாளாம்!" என்று அப்பா சாணையை நிறுத்திவிட்டே கத்தினார். "சாப்பிடுற தட்ட ஒடச்சு வெட்டுறதுக்குப் பேரு படிப்பா?"

"அப்பா, உங்க கத்தியில இரும்பு இருக்கு."

"இல்லாம? அதுல தோஃபுவா இருக்கும்?"

மேல்படிப்பின் நான்காம் வருடம், நவம்பர் இருபத்திரண்டாம் தேதி, அவளுக்கும் ஷிங்கோவுக்கும் திருமணம் பதிவானது. நல்ல தம்பதி நாள் என்று சொல்லி ஊரில் பாதி ஜோடிகள் அன்றுதான் நகராட்சி அலுவலகத்தில் வரிசை கட்டுவார்கள், இவர்கள் முப்பத்தேழாவது. ஷிங்கோ பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தான்.

"ஒரு நாள் கூட ஆகல, கழட்டிட்டியே!"

"எஞ்சின்ல மாட்டிச்சுன்னா விரலே போயிரும் மிசுஹோ. எங்க வேலையில எவனும் போடமாட்டான்."

"நான் செத்தாலும் கழட்ட மாட்டேன், பாத்துக்கோ."

மனிதர் வாயால் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். அவள் கழற்றவில்லை. கழற்றாததோடு நிற்காமல், அந்த முதல் வாரம் கையுறை கூடப் போடவில்லை. காரணம் அற்பமானது: மோதிரம் யார் கண்ணிலாவது படட்டும் என்பதுதான். உடைத்த செர்ட் சில்லுகளை வெறும் விரலால் தள்ளித் தள்ளிப் பொறுக்கினாள். கல்வத்தைத் தேவைக்கு மேல் சன்னலோரம் வைத்துக்கொண்டு அரைத்தாள். ஐந்து நாளில் ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் ஒகிசோ வந்து கையைப் பார்த்தார்.

"கையுறை எங்க?" என்றார்.

அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். டிசம்பர் நடுவில் குளிர்நீரில் கல் கழுவிக் கழுவி விரல்கள் வெடித்து வீங்கின. தோல் மருத்துவர் களிம்பு கொடுத்து மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். ஷிங்கோ கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். அதில் இரண்டு மோதிரங்களும் பிப்ரவரி வரை குடித்தனம் நடத்தின.

மார்ச்சில் இரிடியம் அளவுகள் வந்தன. வரைபடத்தில் முதல் நாற்பது அடுக்குகளுக்குத் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, நாற்பத்தோராம் அடுக்கில் செங்குத்தாக எழுந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, ஐம்பத்திரண்டில் மறுபடி தரையைத் தொட்டது. திடீரென்று ஏறி நிதானமாக இறங்குவதுதான் விண்கல் மோதலின் கையெழுத்து. பாடப்புத்தகத்தில் கூட அத்தனை அழகான முகடு கிடையாது. உச்சத்தில் நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு. மற்ற இடத்தைவிட ஐம்பது மடங்கு.

மிசுஹோ கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். பட்டியலைச் சரிபார்க்கிற ஆள் இனி வரமாட்டான்.

ஒகிசோ வீட்டுக்குள்ளும் வெயில் தொப்பி போடுகிற ஆள். அன்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆஸ்மியமும் பிளாட்டினமும் பாத்துட்டுப் பேசலாம். நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள், மே மாதம் வரை. ஆற்றங்கரை ஊரின் பொதுக்கூடத்தில் பாறைகளைப் பற்றிப் பேச ஆள் தேவை என்று ஓர் அழைப்பு வந்தது. முப்பது பேர், பாதிப் பேர் தூக்கத்தில். முன்வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். பேச்சின் கடைசியில் அவளுடைய நாக்கு அவளைக் கேட்காமல் வேலை செய்தது. "இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் இதே பாறையில் இரண்டாவது விண்கல்லும் இருக்கலாம்" என்றாள். தூங்கியவர்கள் விழித்தார்கள். மாவட்டப் பத்திரிகையின் ஆள் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். 'உறுதியாகவில்லை' என்பதை அவர் நாகரிகமாக விட்டுவிட்டார்.

அப்பா அந்தச் செய்தியை வெட்டிச் சாணைக்கு மேலே ஒட்டினார். கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் கத்தியைத் தொட முடியும். பக்கத்து மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்று கடிதம் வந்தது. கயாக்கோ பேச்சு முடிந்த மறுநாளே அச்சகத்துக்குப் போய்விட்டாள்: 'இரட்டை விண்கல் மன்ஜூ', இரண்டு குழி உள்ள பெட்டி, மூவாயிரம். பெரிய குழியில் கருப்பு உருண்டை. சிறிய குழிக்குச் செம்மண் நிறத்தில் புதிதாக ஒன்று செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் பார்த்தால் "சென்செய்!" என்று கும்பிட்டாள். ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் அழைக்கிற சொல் அது. மிசுஹோ ஒவ்வொரு முறையும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வேண்டும் வேண்டும் என்று உள்ளுக்குள் கேட்டது.

ஆகஸ்டில் மிச்ச அளவுகள் வந்தன. விண்கற்களில் இரிடியத்தோடு சேர்ந்தே வரும் ஆஸ்மியம் அசையவே இல்லை. விண்கல் விழுந்திருந்தால் அது துள்ளியிருக்க வேண்டும். பிளாட்டினமோ இரிடியத்தைப்போல ஒன்பது மடங்கு. எந்த விண்கல்லிலும் அது இரண்டு மடங்குக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும்.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் தங்கள் மேல் சந்தேகப்படுவார்கள். மிசுஹோ விண்கல்லின் மேல் சந்தேகப்பட்டாள். இதுவரை உலகத்தில் யாரும் காணாத வகை விண்கல் அது என்று முடிவு கட்டி, இரண்டு வாரத்தில் பதினான்கு பக்கம் எழுதினாள். அதற்கு ஆற்றின் பெயரை வைப்பதா, செகியின் பெயரை வைப்பதா என்று கூட யோசித்தாள். அந்தப் பதினான்கு பக்கங்கள் இன்றும் அவளிடம் இருக்கின்றன. தலைக்கனம் ஏறுகிறது என்று தோன்றும்போது எடுத்து இரண்டாம் பத்தி வரை படிப்பாள். அதற்கு மேல் முடிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது மோதிரம் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. ஷிங்கோ குழாயைக் கழற்றி எடுத்துக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் மெக்கானிக் புத்தியில் உள்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"பிளாட்டினம் தொள்ளாயிரம்னு அடிச்சிருக்கு."

"ஆயிரத்துல தொள்ளாயிரம். சுத்தம்னு அர்த்தம்."

"அப்ப மீதி நூறு என்ன போட்டிருப்பான்?"

மிசுஹோவின் கை அரிசித் தண்ணீரிலேயே நின்றது. தொள்ளாயிரத்துக்கு நூறு. ஒன்பதுக்கு ஒன்று.

ஈரக்கையோடு நகைக்கடைக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"போன நவம்பர்ல உங்ககிட்ட கல்யாண மோதிரம் வாங்கினோம். அதுல பிளாட்டினம் போக மீதி நூறு என்னங்க?"

"கொஞ்சம் லைன்ல இருங்க மேடம்." பியானோ இசை ஒன்று நீளமாக ஓடியது. "இரிடியம் மேடம். எங்க பட்டறையில அடிச்சு செய்யற மோதிரத்துக்கெல்லாம் அதான் சேர்ப்போம். ரொம்ப உறுதி. ஆயுசுக்கும் தேயாது."

"தேஞ்சிருச்சுங்க."

"அய்யோ! மன்னிச்சிருங்க மேடம். எவ்வளவு தேஞ்சிருக்கு?"

"நூறு கோடியில ஒன்றரைப் பங்கு."

மறுமுனையில் மறுபடி பியானோ ஓடியது.

"நேர்ல கொண்டு வந்தீங்கன்னா மெருகு போட்டுத் தரோம்," என்றாள் அந்தப் பெண்.

குறிப்பேட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். நாற்பத்தோராம் அடுக்கைப் பொடித்தது நவம்பர் இருபத்து நான்கு. உச்சம், கையுறை இல்லாத அந்த வாரம். சரிவு, கையுறை போட்ட வாரங்கள்; கல்வத்தில் ஒட்டியிருந்த மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்திருக்கிறது. கோடு தரையைத் தொட்ட ஐம்பத்திரண்டாம் அடுக்கு, தோல் மருத்துவரைப் பார்த்த மறுநாள். செர்ட் பிளாட்டினத்தைவிடக் கடினமான கல். உரசின ஒவ்வொரு முறையும் எறும்பும் கவனிக்காத ஒரு துகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. இருபது கோடி ஆண்டு ஆழ்கடலில் அவள் கண்டுபிடித்தது தன் தேனிலவை.

"நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றான் ஷிங்கோ.

"அரிசிய அடுப்புல வை," என்றாள்.

இதற்குப் பிறகு மூன்று நாள் அவள் யோக்கியமாக இருக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மோதிரத்தைப் பற்றி அறிந்தவர்கள் இருவர்தான், அதில் ஒருவன் பேருந்து மெக்கானிக். புதுவகை விண்கல் என்று எழுதி அனுப்பினால் பெரிய ஆட்கள் இரண்டு வருடம் சண்டை போடுவார்கள். அதற்குள் பட்டம் வந்துவிடும், அருங்காட்சியக வேலை வந்துவிடும். சாணைக்கு மேலே அந்தச் செய்தித் துண்டு பழுப்பேறி உதிர்ந்தே போய்விடும். நான்காம் நாள் காலை அந்தப் பதினான்கு பக்கத்துக்குத் தலைப்பு எழுத உட்கார்ந்தாள். ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது. தவறுதலாக உள்ளே வந்துவிட்டோம் என்று எட்டு வருடம் பயந்தவள், இப்போது தெரிந்தே பின்வாசல் வழியாக நுழையப் போகிறாள். பட்டியலைச் சரிபார்க்கிற ஆள் கடைசியில் வந்தே விட்டான். அவனுக்கு அவள் முகம் இருந்தது.

ஒகிசோவின் மேசையில் மோதிரத்தை வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து உள்பக்க எழுத்தைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்ப கல்யாணம் ஆச்சு?"

"ஒன்பது மாசம் ஆச்சு சென்செய்."

"சொல்லவே இல்ல?"

"அஞ்சு நாள் கைய ஆட்டி ஆட்டிக் காட்டினேன் சென்செய்."

அவர் மோதிரத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அந்தப் பதினோரு மாதிரிகளும் கெட்டுவிட்டன என்று ஒரு வரி போட்டு, மாநாட்டுக்கு முன்பே பெயர் கொடுத்து வைத்திருந்த கட்டுரையைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். அதில் பொய் இல்லை. அருங்காட்சியகத்துக்கும் உடனே எதுவும் தெரிய வராது.

"பெட்டி அச்சடிச்சுட்டாங்க சென்செய்," என்றாள் மிசுஹோ.

"என்ன பெட்டி?"

"ரெண்டு குழி வச்ச பெட்டி. மூவாயிரம்."

செகிக்குப் போனாள். அப்பா சக்கரத்தை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டார். பிறகு நிறுத்தினார். அவர் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்பது தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க கத்தி ஆகாதுன்னு வாசல்லயே நிறுத்தின. பிளாட்டினத்த விரல்ல மாட்டிக்கிட்டு நீ மட்டும் உள்ள போயிருக்க!"

"அப்பா, சிரிக்காதீங்க."

"இந்தத் தெருவுல சாணை பிடிக்கிறவன் ஒருத்தன் கையிலயாவது மோதிரம் பாத்திருக்கியா? உங்கம்மாவ கட்டின மறுநாள் கழட்டினேன். எங்க வச்சேன்னே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். செய்தித் துண்டை மெல்ல உரித்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "நேத்து கூட ஒருத்தன் படிச்சுட்டு உன்னயப் பத்திக் கேட்டான்," என்றார். சக்கரத்தைச் சுழற்றினார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கயாக்கோவிடம் சொல்வதுதான் இன்னும் கடினமாக இருந்தது. மிசுஹோ கடைக்குள் நுழைந்ததும் அவள் செம்மண் நிற உருண்டையை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

"சென்செய், இனிப்பு சரியா இருக்கா பாருங்க. உள்ள செஸ்ட்நட் வச்சிருக்கேன்."

மிசுஹோ அதை வாயில் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். வாய் நிறைய இருந்தால் அழுகை வராது என்று கணக்கு. கணக்கு தப்பியது. கயாக்கோ ஒரு காகிதக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, கடையின் பின்பக்கம் கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப விழவே இல்லையா?"

"விழல."

"உன் மோதிரம்தானா?"

"ஆமா. பெட்டிக்கு ஆன செலவ நான்..."

"செலவ யாரு கேட்டா? பெட்டியில ரெண்டு குழி இருக்கு மிசுஹோ சான். ஒண்ணுதான் நெறஞ்சிருக்கு. நீ எனக்கு ஒரு விண்கல் பாக்கி."

சென்செய் அன்றே, யாரையும் அழைக்கிற வெறும் சான் ஆகிவிட்டது.

மாநாட்டில் கட்டுரையை அவள் திரும்பப் பெறவில்லை, தலைப்பை மாற்றினாள். இரிடியக் கோட்டுக்குக் கீழே அடுக்கு எண்களுக்குப் பதிலாகக் குறிப்பேட்டுத் தேதிகளைப் போட்டுக் காட்டினாள். திருமணப் பதிவு, கையுறை, தோல் மருத்துவர். ஷிங்கோவும் அவளும் ஆற்றங்கரையில் மறுபடி உடைத்தெடுத்து, மோதிரம் இல்லாத விரலோடு பொடித்த புதிய மாதிரிகளின் கோடு பக்கத்தில் தட்டையாகக் கிடந்தது. அரங்கு முதலில் தயங்கியது. பிறகு ஒரு கிழவர் முன்வரிசையில் வெடித்துச் சிரித்தார், அதன் பின்னால் அரங்கே.

"வாழ்த்துக்கள்," என்றார் அவர் ஒலிவாங்கியில். "கல்யாணம் ஆன தேதிய இவ்வளவு துல்லியமா நிரூபிச்சவங்கள நான் பாத்ததில்ல."

மிசுஹோவும் சிரித்தாள்.  அரங்கை விட்டு வெளியே வந்தபோது நான்கு பேர் தங்கள் மோதிரங்களைக் கழற்றி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

அருங்காட்சியகம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பட்டம் ஒரு வருடம் தள்ளி வந்தது. ஆய்வேட்டின் முடிவுரையில் 'இந்த அறுபது அடுக்குகளில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை' என்றுதான் இருக்கிறது. அப்பா அதைக் கேட்டார். "அஞ்சு வருஷம் தேடி ஒண்ணும் இல்லன்னு எழுதினதுக்கா பட்டம்?" "ஆமாப்பா, ஒண்ணும் இல்லன்னு சரியா சொல்றது கஷ்டம்." அவர் நம்பவில்லை. அவளும் பாதிதான் நம்பினாள். பொடி அறைக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று ஒகிசோ கேட்டபோது, அந்த அறையில் செய்யக்கூடிய தவற்றை ஏற்கெனவே செய்து முடித்த ஆள் தான்தான் என்று விண்ணப்பத்தில் எழுதினாள். வேலை கிடைத்தது.

இப்போது பல்கலைக்கழகங்கள் பலவற்றிலிருந்து பாறை அவளிடம் வருகிறது. மிசுஹோ பொடித்தது என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இது புகழா, நீண்டுபோன ஒரு கேலியா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

வருடம் ஒருமுறை மே மாதத்தில், ஆற்று நீர் இறங்கியிருக்கும்போது, யாரும் கேட்காமலே கரைக்குப் போய் ஏதாவது இருபது அடுக்குகளை உடைத்து எடுத்து வருவாள். இதுவரை இருநூற்றுச் சொச்சம். எல்லாம் தட்டைக் கோடுதான். திரும்பும் வழியில் கயாக்கோ கடையில் ஒரு பெட்டி வாங்குவாள். மூவாயிரம் என்றோ தீர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் கயாக்கோ பிடிவாதமாக இரண்டு குழி வைத்தே அச்சடிக்கிறாள். பெரிய குழியில் கருப்பு உருண்டை. சிறியதில் வெறும் காகிதம்.

இந்த மே மாதமும் போயிருந்தாள். முன்னால் நின்ற வெளியூர்க்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்று குறைகிறதே என்றார். கயாக்கோ அவர் தோளுக்கு மேலாக மிசுஹோவின் பையைப் பார்த்தாள்.

"இந்த வருஷமாவது?"

மிசுஹோ வெறும் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

கயாக்கோ பெட்டியை மூடி, நூல் கட்டி, வெளியூர்க்காரரிடம் கொடுத்தாள்.

"குறையலங்க. ரெண்டாவது இன்னும் விழல."